பிரஸ் ஷாப்பில் ஒரு புல்லாங்குழல்

ஓசூரில் ஷீட் மெட்டல் பிரஸ் ஓட்டுகிற என் அக்கா மகனுக்கு ஹெவி மெட்டல் பைத்தியம். ஷிப்ட் முழுக்க 'டங்... டங்'. ரூமுக்கு வந்தால் காதில் மெட்டாலிகா. 2011-ல் பெங்களூர் அரண்மனை மைதானத்தில் அவர்கள் வாசித்தபோது பஸ் பிடித்துப் போனவன்.

போன மாசம், "படுத்தா காதுக்குள்ள கொய்ய்ங்னு கேக்குது மாமா" என்றான். தொழிற்சாலையில் எட்டு மணி நேரத்துக்கு 90 டெசிபல்தான் வரம்பு. மிஷின் சத்தம், பாட்டுச் சத்தம் என்று காது தனித்தனிப் பேரேடு வைத்துக்கொள்வதில்லை. (பி.காம். புத்தி!)

"ராஜா பாட்டு கேளுன்னு ஆரம்பிச்சுடாதீங்க" என்றான் முன்ஜாக்கிரதையாக. நான் ஆரம்பித்தது அவன் ஆளிடமிருந்தே. 'பிளாக் சாபத்' டோனி அயோமியும் பர்மிங்ஹாமில் ஷீட் மெட்டல் தொழிலாளிதான். 17 வயதில் வலது கையின் இரண்டு விரல் நுனிகளை மிஷின் வாங்கிக்கொண்டது. பிளாஸ்டிக் பாட்டிலை உருக்கி விரலுக்குக் குல்லா செய்து போட்டுக்கொண்டு வாசித்தார். பின்னால், விரலுக்கு இதமாகக் கம்பிகளைத் தளர்த்தியதில் பிறந்ததுதான் அந்தக் கனத்த சத்தம். அப்படி வந்த 1971 ஆல்பத்திலேயே 'சாலிட்யூட்' என்று ஒரு மெல்லிய பாட்டு. அதில் புல்லாங்குழல் ஊதியது சாட்சாத் அயோமியே!

"தலைவரா ஊதுறாரு?" என்று இரண்டு தடவை கேட்டான். அந்தச் சூட்டிலேயே 'நத்திங் பட் விண்ட்' போட்டேன். 1988, சௌராசியா குழல். பாதியில் வால்யூமை அவனே குறைத்தான்.

"யாரு மாமா இது?"

"இளையராஜா."

முறைத்தான். நிறுத்தவில்லை.

கொய்ய்ங் இன்னும் போகவில்லை; தூக்கம் வருகிறதாம். சனிக்கிழமை காது டாக்டரிடம் டோக்கன் வாங்கியிருக்கிறோம்.