மார்ச் மாதத்துப் பைத்தியம்

அமெரிக்காவில் பிள்ளை வீட்டிலோ பெண் வீட்டிலோ மார்ச் மாதத்தில் தங்கியிருந்தவர்கள் இதைக் கட்டாயம் பார்த்திருப்பார்கள். மாதத்தின் நடுவில் ஒரு வியாழக்கிழமை, மத்தியானம் டிவியில் கூடைப்பந்து ஆரம்பித்தால் நள்ளிரவு வரை ஓயாது. மறுநாள் வெள்ளிக்கிழமையும் அப்படியே. ஆபீஸில் வேலை நடக்கிறதோ இல்லையோ, கம்ப்யூட்டர் திரையின் ஓரத்தில் ஒரு ஆட்டம் ஓடிக்கொண்டிருக்கும். கடையில் பில் போடுகிற பெண்ணிலிருந்து பல் டாக்டர் வரை எல்லோருக்கும் அதே பேச்சு. அதற்குப் பெயரே 'மார்ச் மேட்னஸ்', அதாவது மார்ச் மாதத்துப் பைத்தியம்.

ஆடுகிறவர்கள் யாரென்று பார்த்தால் இருபது வயதை ஒட்டிய கல்லூரிப் பிள்ளைகள். அதே நாட்டில் என்.பி.ஏ. இருக்கிறது. உலகத்தின் மிகச் சிறந்த ஆட்டக்காரர்கள் அங்கேதான் ஆடுகிறார்கள். அப்படியிருக்க, பந்தைத் தவறவிடும், பதற்றத்தில் கூடையைக் கோட்டைவிடும் இந்தப் பிள்ளைகளுக்கு ஏன் இவ்வளவு கூட்டம்? பெண் வீட்டில் மார்ச் மாதத்தைக் கழித்த இரண்டு முறையும் இந்தக் கேள்வி என்னைக் குடைந்தது. எனக்குப் புரிந்த அளவில் எழுதுகிறேன்.

முதலில் ஒன்று சொல்ல வேண்டும். இந்த ஆட்டம் நமக்கு அந்நியமானதில்லை. 1891-ல் மாசசூசெட்ஸ் மாநிலத்தின் ஸ்பிரிங்ஃபீல்டில் இருந்த ஒய்.எம்.சி.ஏ. பயிற்சிப் பள்ளியில் ஜேம்ஸ் நெய்ஸ்மித் என்ற ஆசிரியர், குளிர்காலத்தில் மாணவர்கள் கட்டடத்துக்குள்ளேயே ஆடுவதற்காகப் பீச் பழக்கூடைகளை மாட்டி வைத்து இதைக் கண்டுபிடித்தார். அதே ஸ்பிரிங்ஃபீல்டில் படித்த ஹாரி குரோ பக் என்பவர்தான் 1920-ல் சென்னையில் ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விக் கல்லூரியைத் தொடங்கினார். நம் காலத்துப் பி.டி. வாத்தியார்களில் பலர் அந்த நந்தனம் கல்லூரியில் படித்துவிட்டு வந்தவர்கள்.

இனி போட்டியின் ஏற்பாடு. 1939-ல் எட்டு அணிகளோடு ஆரம்பித்தது. 1985-ல் 64 அணிகள், 2011-ல் 68 அணிகள் என்று வளர்ந்தது. முழுக்க நாக் அவுட். ஒரு முறை தோற்றால் பெட்டியைக் கட்ட வேண்டியதுதான். மூன்று வாரத்தில் 67 ஆட்டங்கள் முடிந்து, ஏப்ரல் தொடக்கத்தில் ஒரு திங்கட்கிழமை இரவு இறுதி ஆட்டம் நடக்கும். நாடு முழுவதும் கல்லூரிகள் முப்பதுக்கும் மேற்பட்ட குழுக்களாகப் பிரிந்திருக்கின்றன. எவ்வளவு சின்னக் குழுவானாலும் அதில் ஜெயித்த அணிக்கு இடம் உறுதி. மீதி இடங்களை ஒரு கமிட்டி நிரப்பும். பிறகு அணிகளை நான்கு பிரிவுகளாக்கி, ஒவ்வொரு பிரிவிலும் 1 முதல் 16 வரை எண் கொடுப்பார்கள். முதல் சுற்றில் 1-ஐ 16 எதிர்க்கும், 2-ஐ 15 எதிர்க்கும்.

கூட்டம் கூடுவதற்கு முதல் காரணம் ஊர்ப் பாசம். என் பெண் இருப்பது வட கரோலினாவில், ராலே பக்கம். அங்கிருந்து அரை மணி நேரக் கார் தூரத்துக்குள் மூன்று பெரிய பல்கலைக்கழகங்கள். டியூக்கின் நிறம் அடர்நீலம், சேப்பல் ஹில்லில் உள்ள வட கரோலினாப் பல்கலைக்கழகத்துக்கு வெளிர்நீலம், ராலேயில் உள்ள என்.சி. ஸ்டேட்டுக்குச் சிவப்பு. டியூக்குக்கும் சேப்பல் ஹில்லுக்கும் நடுவே சுமார் பத்து மைல்தான். நம்மூரில் பக்கத்துப் பக்கத்துத் தெருக்காரர்கள் திருவிழாவில் முறைத்துக்கொள்வதுபோல இந்த இரண்டு நீலமும் முறைத்துக்கொள்ளும்.

கென்டகி, அயோவா போன்ற மாநிலங்களில் பெரிய தொழில்முறை அணி எதுவுமே கிடையாது. அங்கே பல்கலைக்கழக அணிதான் மாநிலத்தின் அணி. தொழில்முறை அணியை அதன் முதலாளி நினைத்தால் வேறு ஊருக்குக் கொண்டுபோய்விடலாம். கல்லூரி எங்கும் போகாது. தாத்தா படித்தது அங்கே, அப்பா படித்தது அங்கே, பேத்தி சேரப்போவதும் அங்கே. படிக்காதவர்களுக்கும் அது 'நம்ம ஊர் காலேஜ்'.

இரண்டாவது காரணம், சின்னவன் பெரியவனை வீழ்த்துவது. என்.பி.ஏ.யின் பிளே ஆஃப் சுற்றுகளில் இரண்டு அணிகள் மோதினால் ஏழில் நான்கு ஆட்டம் ஜெயிக்க வேண்டும். அவ்வளவு நீளத்தில் பலசாலிதான் பெரும்பாலும் மிஞ்சுவான். இங்கே ஒரே ஆட்டம், அதுவும் நாற்பது நிமிடம். தூரத்திலிருந்து எறிந்து கூடையில் போட்டால் மூன்று புள்ளி. சின்னக் கல்லூரிப் பையன்கள் இருவருக்கு அன்றைக்குக் கை ராசி அமைந்துவிட்டால் போதும். டெஸ்ட் மேட்சுக்கும் இருபது ஓவருக்கும் உள்ள வித்தியாசம் மாதிரிதான்.

2022-ல் ஜெர்சி சிட்டியைச் சேர்ந்த செயின்ட் பீட்டர்ஸ் என்ற சிறிய கல்லூரி 15-ஆம் எண்ணோடு வந்தது. அது கென்டகியைக் கூடுதல் நேரத்தில் 85-79 என்று வென்றது. அதோடு நிற்காமல் காலிறுதி வரை போனது. 15-ஆம் எண் அணி எதுவும் அதற்கு முன் அவ்வளவு தூரம் போனதில்லை. மார்ச் தொடக்கத்தில் அந்தக் கல்லூரியின் பெயரே தெரியாதவர்கள் மாதக் கடைசியில் அதன் சட்டையைத் தேடி அலைந்தார்கள்.

மூன்றாவது, அந்தச் சீட்டு. யார் யாரை வெல்வார் என்று ஆட்டம் தொடங்கும் முன்பே முழு அட்டவணையையும் நிரப்ப வேண்டும். 'பிராக்கெட்' என்பார்கள். முதல் சுற்றிலிருந்து 63 ஆட்டங்கள். கண்ணை மூடிக்கொண்டு குறித்தால் எல்லாம் சரியாக வருவதற்கு 92,000 கோடி கோடியில் ஒரு வாய்ப்பு. 2014-ல் வாரன் பஃபெட்டும் ஒரு கடன் நிறுவனமும் சேர்ந்து, எல்லாவற்றையும் சரியாகக் குறிப்பவருக்கு நூறு கோடி டாலர் என்று அறிவித்தார்கள். யாரும் வாங்கவில்லை. ஆனால் இதில் ஒரு சமத்துவம் உண்டு. என் பேத்தி அணிகளின் சின்னமாக இருக்கும் மிருகங்களைப் பார்த்து, எது எதைக் கடிக்கும் என்று யோசித்துச் சீட்டை நிரப்பினாள். கூடைப்பந்தைக் கரைத்துக் குடித்த அவள் அப்பாவைவிட முதல் வாரத்தில் அவளுக்குத்தான் அதிகப் புள்ளி.

இந்த மூன்று காரணங்களையும் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். எனக்குத் தோன்றுவது நான்காவதாக ஒன்று. இந்தப் போட்டியில் 68 அணிகளில் 67 அணிகள் தோல்வியோடுதான் வீடு திரும்புகின்றன. அந்தப் பிள்ளைகளில் பெரும்பாலோருக்கு அதற்குமேல் கூடைப்பந்து கிடையாது. என்.பி.ஏ.வுக்குப் போகிறவர்கள் மிகச் சிலர். மற்றவர்கள் படிப்பை முடித்து வேலை தேடப் போக வேண்டியவர்கள். ஆட்டம் முடிந்ததும் நான்காம் வருடப் பையன் பனியனால் முகத்தை மூடிக்கொண்டு அழுவதைக் காமிரா காட்டும். சின்ன வயதிலிருந்து தினமும் செய்துவந்த ஒரு வேலை அந்த நிமிடத்தோடு முடிகிறது. வேலையிலிருந்து ஓய்வு பெற்ற நமக்கு அது என்னவென்று தெரியும். சாவியை ஒப்படைத்துவிட்டுப் படியிறங்கியவர்கள்தானே நாமெல்லாம்.

2022-ல் நாங்கள் அங்கே இருந்தபோது பக்கத்து வீட்டில் ஓய்வு பெற்ற தம்பதி ஒன்று இருந்தது. அவர் டியூக்கில் படித்தவர், அந்த அம்மா சேப்பல் ஹில்லில் படித்தவர். வாசலில் இரண்டு நீலக் கொடிகளும் பறக்கும். அந்த வருடம்தான் இரண்டு கல்லூரிகளும் இந்தப் போட்டியில் முதல்முறையாக மோதின. அதற்கு முன் மற்ற ஆட்டங்களில் இருநூற்றைம்பது தடவைக்கு மேல் மோதியிருக்கிறார்கள். ஆனால் இந்தப் போட்டியில் ஒருமுறைகூட இல்லை. அதுவும் அரையிறுதி. டியூக்கின் பயிற்சியாளர் மைக் ஷஷெஃப்ஸ்கி, எல்லோருக்கும் 'கோச் கே', அந்தப் பருவத்தோடு ஓய்வு பெறுவதாக முன்பே அறிவித்திருந்தார். வயது 75. டியூக்கில் 42 பருவங்கள், ஐந்து பட்டங்கள். தோற்றால் அதுவே கடைசி ஆட்டம்.

எங்களையும் பார்க்கக் கூப்பிட்டார்கள். 81-77 என்று சேப்பல் ஹில் ஜெயித்தது. கோச் கே தன் மனைவியின் கையைப் பிடித்துக்கொண்டு மைதானத்தைவிட்டுப் போனதை டிவியில் காட்டினார்கள். அந்த அம்மா, தன் கல்லூரி ஜெயித்த அந்த அம்மா, கைதட்டவே இல்லை. எழுந்துபோய்க் கணவருக்கு ஒரு டம்ளர் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். இரண்டு நாள் கழித்து இறுதி ஆட்டத்தில் சேப்பல் ஹில் பாதி ஆட்டத்தில் 15 புள்ளி முன்னால் இருந்தும் கான்சஸிடம் 72-69 என்று தோற்றது. அன்றைக்கு அவர் அந்த அம்மாவின் பக்கத்தில் பேசாமல் உட்கார்ந்திருந்தார் என்று மறுநாள் என் மனைவியிடம் அந்த அம்மா சொன்னாராம்.

வர்ஜீனியாப் பல்கலைக்கழகத்தின் கதை இன்னும் நல்லது. 1985-லிருந்து ஆண்கள் போட்டியில் 1-ஆம் எண் அணி 16-ஆம் எண் அணியிடம் தோற்றதே இல்லை. 135 ஆட்டத்திலும் 1-ஆம் எண்ணுக்கே வெற்றி. 2018-ல் வர்ஜீனியா தோற்றது. தோற்கடித்தது மேரிலாந்துப் பல்கலைக்கழகத்தின் பால்டிமோர் கவுண்டிக் கல்லூரி, அதுவரை சதுரங்க அணிக்காகப் பேர் வாங்கியிருந்த இடம். 74-54, இருபது புள்ளி வித்தியாசம். நாடே சிரித்தது. மறு வருடம் அதே பயிற்சியாளர், அதே பையன்களில் முக்கியமானவர்கள், அதே வர்ஜீனியா பட்டத்தை வென்றது. இறுதி ஆட்டம் கூடுதல் நேரம் வரை போய் 85-77. முந்தைய வருடத்தின் அவமானம் இல்லாதிருந்தால் அந்த வெற்றியை இத்தனை பேர் ஞாபகம் வைத்திருக்க மாட்டார்கள்.

பெண்கள் போட்டியிலும் இதையே பார்த்தோம். அயோவாவில் பிறந்து வளர்ந்த கேட்லின் கிளார்க் தன் மாநிலப் பல்கலைக்கழகத்துக்கே நான்கு வருடமும் ஆடினார். 2023, 2024 இரண்டு வருடமும் இறுதி ஆட்டத்தில் தோற்றார். ஆனால் 2024-ல் பெண்கள் இறுதி ஆட்டத்தை ஒரு கோடியே எண்பது லட்சம் பேருக்கு மேல் பார்த்தார்கள். ஆண்கள் இறுதி ஆட்டத்தைப் பார்த்தவர்கள் ஒன்றரைக் கோடியை எட்டவில்லை. பெண்கள் ஆட்டம் ஆண்கள் ஆட்டத்தை முந்தியது அதுவே முதல் தடவை.

இதெல்லாம் இப்படியே நீடிக்குமா என்றால், எனக்குக் கவலை உண்டு. 2021 முதல் மாணவர்கள் தங்கள் பெயரையும் படத்தையும் விளம்பரத்துக்குக் கொடுத்துப் பணம் பெறலாம் என்று ஆகிவிட்டது. அதில் எனக்குக் குறையில்லை. 2010-ல் டிவி உரிமையை 14 வருடத்துக்கு 1,080 கோடி டாலருக்கு விற்றார்கள். ஆடுகிறவனுக்கு அதில் ஒன்றும் இல்லை என்பது என்ன நியாயம்? ஆனால் அதே சமயத்தில் கல்லூரி மாறுவதும் சுலபமாகிவிட்டது. வருடத்துக்கொரு கல்லூரி என்று போகிற பையனை 'நம்ம பிள்ளை' என்று ஊர் எப்படிச் சொல்லும்?

அதைவிடப் பெரிய கவலை பந்தயம். 2018-ல் உச்ச நீதிமன்றம் பந்தயத்தைத் தடுத்த சட்டத்தை நீக்கியது. பிறகு மாநிலங்கள் ஒவ்வொன்றாகக் கதவைத் திறந்தன. வட கரோலினாவில் 2024 மார்ச் 11 முதல் செல்போனிலேயே பந்தயம் கட்டலாம். அந்த வருடமும் நாங்கள் அங்கே இருந்தோம். என்.சி. ஸ்டேட் 11-ஆம் எண்ணோடு வந்து அரையிறுதி வரை போன சந்தோஷத்தில் ஊரே சிவப்பாக இருந்தது. ஆனால் டிவியில் ஐந்து நிமிடத்துக்கு ஒரு பந்தய விளம்பரம். ஆபீஸில் எல்லோரும் சேர்ந்து நிரப்புகிற சீட்டு வேறு, தனியாக உட்கார்ந்து சம்பளத்தை வைக்கிற பந்தயம் வேறு. வங்கியில் முப்பத்தைந்து வருடம் இருந்தவன் நான். கடன் வாங்கியவர்களின் முகத்தைப் பார்த்தே பழகியவன். பணம் வைத்தவனுக்குத் தோற்ற பையனின் அழுகை கண்ணில் படாது. ஆட்டம் முடிந்ததும் அந்தப் பையனுக்கே செல்போனில் திட்டி எழுதுகிறார்களாம்.

உங்களில் யாராவது வரும் மார்ச் மாதம் அந்தப் பக்கம் போனால், பேரன் பேத்தியோடு உட்கார்ந்து ஒரு ஆட்டம் பாருங்கள். விதிகள் தெரியாவிட்டாலும் பரவாயில்லை, அவர்கள் சொல்லித் தருவார்கள். முடிந்ததும் டிவியை உடனே அணைத்துவிடாதீர்கள். ஜெயித்தவர்கள் குதித்துக்கொண்டிருக்கும்போது, தோற்றவர்கள் வரிசையாக வந்து அவர்களுக்குக் கை கொடுத்துவிட்டுப் போவார்கள். அதையும் பார்த்துவிட்டு எழுந்திருங்கள்.