தைத்த வள்ளம், ஒட்டிய வள்ளம்

வைட்டிலாவில் மெட்ரோ ரயிலை விட்டு இறங்கி நாலு எட்டு வைத்தால் படகுத் துறை. 2023 ஏப்ரலில் தொடங்கிய வாட்டர் மெட்ரோவின் காக்கநாடு படகு இங்கிருந்துதான் புறப்படுகிறது. கொச்சி கப்பல் கட்டும் தளத்தில் செய்த அலுமினியப் படகு. இரட்டை அடிப்பாகம் கொண்ட இந்த வகைக்கு ஆங்கிலத்தில் 'கேட்டமரான்' என்று பெயர். நம் கட்டுமரம்தான். இதில் கட்டும் இல்லை, மரமும் இல்லை. மொழிபெயர்ப்பில் பிழைக்கிறவனுக்கு இது கண்ணை உறுத்தும்.

கட்டு மிச்சமிருப்பது கெட்டுவள்ளத்தில். ஆஞ்ஞிலிப் பலகைகளைத் (குமரி மாவட்டத்தில் அயினி) தென்னங்கயிற்றால் தைத்து, இடுக்கில் நார் திணித்து, முந்திரிக்கொட்டை எண்ணெய் பூசுவார்கள். ஆணி கிடையாது, பசையும் கிடையாது. தையல் நைந்தால் பிரித்து மறுபடி தைக்கலாம்.

பெரிய மரங்கள் அருகி விலை ஏறியபோது, 1980களில் குமரி மாவட்டத்து முட்டத்தில் பிளைவுட் வள்ளங்கள் செய்யத் தொடங்கினார்கள். அங்கேயும் முதல் வேலை தையல்தான்! பலகைகளைக் கம்பியால் கட்டி நிறுத்தி, மூட்டின்மேல் கண்ணாடி இழைத் துணியை வைத்து ரெசின் பூசுவது முறை. ரெசின் இறுகிய பிறகு பாரத்தைத் தாங்குவது அதுதான்.

பிளைவுட் அடுக்குகளை ஒட்டும் ஃபீனால் பசை கெட்டி. மரைன் பிளைவுட்டுக்கான ஐ.எஸ். 710 தரத்தில் 72 மணி நேரம் கொதிநீர்ச் சோதனையே இருக்கிறது. ஆனால் மரம் ஈரத்தில் ஊதும், வெயிலில் சுருங்கும். மேலே பூசிய ரெசின் அதனோடு சேர்ந்து அசையாது. மலிவான பாலியெஸ்டர் ரெசினுக்கு மரத்தில் பிடிப்பும் குறைவு. போல்ட் துளை வழியாகவோ பலகை ஓரம் வழியாகவோ மழைநீர் இறங்கினால், பசை அப்படியே இருக்க, பக்கத்து மரம் மக்கிவிடும். எபாக்ஸி இன்னும் நன்றாகப் பிடிக்கும். விலைதான் கையைக் கடிக்கும். வெயில் படாமல் அதன்மேல் பெயின்டும் அடிக்க வேண்டும்.

"கயிறு நைந்தால் கண்ணுக்குத் தெரியும் சாரே. ஒட்டு விட்டது, தண்ணீர் உள்ளே வந்த பிறகுதான் தெரியும்" என்றார் ஆலப்புழைக்கார ஆசாரி ஒருவர். தொழில் பெருமை கொஞ்சம் கலந்திருக்கலாம். ஆனால் கடன் வாங்கிப் படகு இறக்குகிறவருக்கு இது சின்ன விஷயமில்லை. தவணை முடியும் முன்பே மூட்டு மக்கினால் கடலில் உயிருக்கு ஆபத்து, கரையில் வட்டி.

2004 சுனாமிக்குப் பின் கடற்கரைகளில் ஃபைபர் படகுகள் வந்து குவிந்தன. தையல் தெரிந்த ஆசாரிகளுக்கு இப்போது வேலை தருபவை ஹவுஸ்போட்டுகள். ஒரு காலத்தில் நெல் ஏற்றிய அதே கெட்டுவள்ளங்கள், ஏ.சி. அறையோடு.