நின்றபடி குடித்த சோடா

2024 மே மாதம் எங்களுக்குத் திருமணமாகி 15 வருடம் முடிந்தது. பள்ளிக்கூடம் கோடை விடுமுறை. மகளை அழைத்துக்கொண்டு அத்தை திண்டுக்கல்லில் இருக்கும் நாத்தனார் வீட்டுக்குப் போவதாக முடிவானது. சனிக்கிழமை காலை கிளம்பி ஞாயிற்றுக்கிழமை திரும்புவார்கள். ஒரு சாயங்காலமும் ஓர் இரவும், மதுரையில் எங்கள் வாடகை வீட்டில் நாங்கள் இருவர் மட்டும். இந்தப் பதினைந்து வருடத்தில் அப்படி எத்தனை இரவு வாய்த்தது என்று எண்ணிப் பார்த்தேன். ஒரு கை விரல்களே போதுமானதாக இருந்தன.

"வெளிய எங்கயாவது போலாமா?" என்று கேட்டேன்.

"இந்த வெயில்லயா? வீட்லயே இருப்போம். ஏதாவது ஸ்பெஷலா பண்ணு" என்றான்.

அந்தப் 'பண்ணு' அப்போது என் காதில் விழவில்லை.

'என்றான்' என்று எழுதுகிறேன். கல்லூரியில் நாங்கள் ஒரே வகுப்பு. வாடா, போடா என்றுதான் பேசிக்கொண்டிருந்தோம். திருமணமான முதல் வாரத்தில் அத்தை என்னைத் தனியாக அழைத்து, "நாலு பேர் வந்து போற வீடு, மரியாதையா கூப்பிடும்மா" என்றார். அன்றிலிருந்து வீட்டில் அவன் 'என்னங்க' ஆனான். அவன் மட்டும் என்னை எப்போதும் போல 'நீ' என்றே அழைத்துவருகிறான். அதை மாற்றும்படி அவனிடம் யாரும் சொல்லவில்லை. இந்தக் கட்டுரையில் அவனைப் பழையபடியே எழுதிக்கொள்கிறேன்.

என்னோடு வேலை பார்க்கும் இளம் ஆசிரியை ஒருத்திதான் 'டேட் நைட்' என்ற சொல்லைச் சொன்னாள். கைப்பேசியில் ஒரு வீடியோவும் காட்டினாள். மெழுகுவத்தி வெளிச்சம், கண்ணாடிக் குடுவைகளில் நிறம் நிறமாகப் பானங்கள், மேலே மிதக்கும் புதினா இலை, எதிரெதிரே இருவர். "வீட்லயே ஈசியா பண்ணிரலாம் அக்கா" என்றாள். எனக்கும் ஆசையாகத்தான் இருந்தது. அதை மறைக்க விரும்பவில்லை. நாற்பது வயதுக்கு மேல் காதலுக்கு ஆசைப்படுவதை நாம் வெட்கத்தோடு சொல்லப் பழக்கப்பட்டிருக்கிறோம். நான் வெட்கமில்லாமல் அந்த வீடியோவை மூன்று முறை பார்த்தேன்.

"ஒயின் ஏதாவது வாங்கட்டுமா?" என்று அவன் கேட்டான். "வேண்டாம், குடிக்கறதுக்கு நானே செய்றேன்" என்று யோசிக்காமல் சொன்னேன். குடிக்கும் பெண்களைப் பற்றி எனக்கு எந்தத் தீர்ப்பும் கிடையாது. நான் வேண்டாம் என்றதற்குக் காரணம் வேறு. அது என்னவென்று எனக்கே வெள்ளிக்கிழமை இரவுதான் தெரிந்தது.

மூன்று பானங்கள் என்று முடிவு செய்தேன். நன்னாரி சர்பத், ஜிகர்தண்டா, இஞ்சி போட்ட எலுமிச்சை சோடா. கணக்கு டீச்சர் என்பதால் எதையும் பட்டியல் போடாமல் என்னால் தொடங்க முடியாது. நாட்டு மருந்துக் கடையில் நன்னாரி வேர் வாங்க வேண்டும். மண் போகக் கழுவி, தட்டி, நடுவில் இருக்கும் கட்டையை எடுத்துப் போட வேண்டும். வாசனை எல்லாம் பட்டையில்தான் இருக்கிறது. அதை ஓர் இரவு ஊறவைத்து, மறுநாள் கொதிக்கவிட்டு, வடிகட்டி, சர்க்கரை சேர்த்துப் பாகு காய்ச்ச வேண்டும். பூத்துப்போகாமல் இருக்கக் கடைசியில் கொஞ்சம் எலுமிச்சைச் சாறு. ஜிகர்தண்டாவுக்குப் பாதாம் பிசினை முதல் நாள் இரவே ஊறப்போட வேண்டும். இரண்டு துண்டு பிசின் காலையில் ஒரு கிண்ணத்தை நிறைத்துவிடும். பாலை அடிபிடிக்காமல் கிளறிக் கிளறிச் சுண்டவைக்க வேண்டும். பிறகு ஐஸ் தட்டு நிரப்புவது, இஞ்சி இடிப்பது, சாப்பாட்டுக்கு என்ன என்று யோசிப்பது, நல்ல படுக்கை விரிப்பைத் தேடி எடுப்பது, வீடு கூட்டுவது, தலைக்குக் குளிப்பது.

எண்ணிப் பார்த்தேன். பதினெட்டு வேலை. அதில் பதினேழு என்னுடையது. அவனுடையது ஒன்று: ஜிகர்தண்டாவுக்கு ஐஸ்கிரீம் வாங்கி வருவது. அதை மறக்காமல் வாங்கி வரச் சொல்லி இரண்டு முறை நினைவுபடுத்துவது என்னுடையது. அப்படியானால் பத்தொன்பது.

2019இல் மத்திய அரசு நடத்திய நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பை வகுப்பில் சராசரி நடத்தும்போது பிள்ளைகளுக்குச் சொல்வேன். ஊதியமில்லாத வீட்டு வேலையில் ஈடுபடும் பெண் ஒரு நாளில் அதற்குச் சராசரியாக 299 நிமிடம் செலவிடுகிறாள். ஈடுபடும் ஆண் 97 நிமிடம். அப்படி ஈடுபடுகிறவர்கள் பெண்களில் நூற்றுக்கு 81 பேர், ஆண்களில் 26 பேர்தான். "இதுல இருந்து என்ன தெரியுது?" என்று கேட்டால் மாணவிகள் சிரிப்பார்கள். மாணவர்கள் பலகையைப் பார்ப்பார்கள். சம்பள வேலை முடித்து வீடு திரும்பும் பெண்ணுக்கு அங்கே காத்திருக்கும் வேலையை 'இரண்டாவது ஷிப்ட்' என்று 1989இல் ஆர்லி ஹாக்ஷீல்டு எழுதினார். அமெரிக்கக் குடும்பங்களைப் பார்த்து எழுதியது அருப்புக்கோட்டையில் பிறந்த எனக்கும் பொருந்தியது. ஆனால் காதலுக்கென்று ஒதுக்கிய இரவும் அந்த ஷிப்டின் ஓவர்டைமாக மாறும் என்று நான் எதிர்பார்க்கவில்லை.

வெள்ளிக்கிழமை இரவு பதினொரு மணி. எல்லோரும் தூங்கிவிட்டார்கள். நான் அடுப்படியில் நின்று நன்னாரிப் பாகைத் துணியில் வடிகட்டிக்கொண்டிருந்தேன். வியர்வை முதுகில் வழிந்தது. இடுப்பு வலித்தது. பாகு சரியாக வந்திருக்கிறதா என்று ஒரு டம்ளரில் கொஞ்சம் ஊற்றி, தண்ணீர் கலந்து, நின்றபடியே குடித்துப் பார்த்தேன். அப்போது அம்மா ஞாபகம் வந்தது.

அப்பா நூற்பாலைத் தொழிலாளி. சம்பள நாளில் வீட்டுக்கே பாட்டில் வாங்கி வருவார். கூடவே இரண்டு கோலி சோடா. வாசல் திண்ணையில் உட்காருவார். சில நாள் கூட்டாளி ஒருவரும் வருவார். அம்மா வேர்க்கடலை வறுப்பாள், வெங்காயம் நறுக்கி ஆம்லெட் போடுவாள், எலுமிச்சம்பழம் அரிந்து வைப்பாள். அப்பா அடிக்கிறவர் இல்லை. ஆனால் டம்ளர் தரையில் வைக்கப்படும் சத்தத்தை வைத்தே அடுத்து என்ன கேட்பார் என்று அம்மாவுக்குத் தெரிந்துவிடும். மெதுவாக வைத்தால் தண்ணீர். 'ணங்' என்று வைத்தால் ஆம்லெட்டில் உப்பில்லை. அந்தச் சத்தத்துக்காகக் காதைத் தீட்டிக்கொண்டு கதவுக்குப் பின்னால் நிற்பாள். நானும் அவள் சேலையைப் பிடித்துக்கொண்டு நிற்பேன்.

எல்லாம் முடிந்து அப்பா தூங்கிய பிறகு, இரண்டாவது பாட்டிலில் மிச்சமிருக்கும் சோடாவை அம்மா ஒரு எவர்சில்வர் டம்ளரில் ஊற்றுவாள். கேஸ் போயிருக்கும். பிழிந்து போட்ட எலுமிச்சை மூடியை இன்னொரு முறை பிழிந்து, ஒரு சிட்டிகை உப்புப் போட்டு, பின்வாசலில் நின்று குடிப்பாள். ஒரு முறை எனக்கும் ஒரு வாய் கொடுத்திருக்கிறாள். காலையில் காலி பாட்டில்களைக் கடையில் திருப்பிக் கொடுப்பது என் வேலை.

அம்மா இறந்து மூன்று வருடமாகிறது. அவளுக்கென்று ஒரு சோடா உடைத்து, உட்காரவைத்து, கையில் கொடுக்க நான் ஒருபோதும் நினைத்ததில்லை. சம்பாதிக்கத் தொடங்கிய பிறகும் நினைத்ததில்லை. சேலை எடுத்துக் கொடுத்தேன், கண்ணுக்கு ஆபரேஷன் செய்துவைத்தேன். ஊருக்குப் போகும்போது அவள் போட்டுக் கொடுத்த காப்பியை உட்கார்ந்து குடித்தேன்.

வீட்டில் ராத்திரி நேரத்தில் பாட்டிலும் டம்ளரும் என்றால் எனக்குத் தெரிந்த ஏற்பாடு அந்த ஒன்றுதான். ஒருவர் உட்கார்ந்திருப்பார், ஒருவர் நிற்பார். ஒயினை வேண்டாம் என்று சொல்லிவிட்டால் அதிலிருந்து தப்பிவிடலாம் என்று நினைத்திருக்கிறேன். ஆனால் பாட்டிலில் இருப்பது சாராயமா நன்னாரியா என்பதில் விஷயம் இல்லை. மெழுகுவத்தி ஏற்றினாலும் நிற்கப்போவது நான்தான்.

இன்னொன்றையும் எழுதிவிடுகிறேன். காதலுக்கான இரவு என்று ஏற்பாடு செய்தால் அது எங்கே போய் முடியும் என்று இருவருக்கும் தெரியும். பத்தொன்பது வேலையை முடித்த உடம்போடு படுக்கைக்குப் போகும்போது அது என் விருப்பமா, பட்டியலின் இருபதாவது வேலையா? கடந்த பல வருடங்களில் எத்தனை இரவுகள் இருபதாவது வேலையாக இருந்தன? இந்தக் கேள்வியை நான் யாரிடமும் கேட்டதில்லை. அடுப்படியில் நின்று என்னிடமே கேட்டபோது பதில் சொல்லப் பயமாக இருந்தது.

சனிக்கிழமை காலை அத்தையையும் மகளையும் பஸ் ஏற்றிவிட்டு வந்தான். பட்டியலை அவன் முன்னால் வைத்தேன்.

"நன்னாரி நான் செஞ்சுட்டேன். இதுக்கு மேல நான் எதுவும் செய்யப்போறதில்ல. எனக்கு ஜிகர்தண்டா வேண்டாம். உப்புப் போட்ட எலுமிச்சை சோடா வேணும். சாப்பாடு உன் இஷ்டம். சாயங்காலம் மொட்டை மாடியில பாயை விரிச்சு உக்காந்துருவேன். எந்திரிக்க மாட்டேன்."

அவன் முகம் சுருங்கியது. "ஆசையாத்தானே சொன்னேன். உனக்குப் பிடிக்கும்னு நெனச்சேன்" என்றான். பிறகு, "கேட்டிருந்தா செஞ்சிருப்பேனே" என்றான்.

"கேக்குறதும் வேலைதான். பதினஞ்சு வருஷமா அந்த வேலையையும் நான்தான் பாக்குறேன்."

அவன் சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போய்விட்டான். டேட் நைட் காலை பத்து மணிக்கே முடிந்துவிட்டது என்று நினைத்தேன். அழுகை வந்தது. அவன் நல்லவன்தான். அதனால்தான் இவ்வளவு நாள் கேட்காமல் இருந்தேன். கெட்டவனிடம் சண்டை போடலாம். நல்லவனிடம் கேட்டால் நாம்தான் குறை சொல்கிறவளாகிவிடுவோம். மதியம் திரும்பி வந்தான். பையில் ஆறு எலுமிச்சம்பழமும் நான்கு சோடா பாட்டிலும் இருந்தன. சமாதானம் எதுவும் பேசவில்லை.

சாயங்காலம் நான் சொன்னபடி மாடியில் உட்கார்ந்தேன். உட்காருவது இவ்வளவு கடினம் என்று அன்றுதான் தெரிந்தது. கீழே பாத்திரம் விழும் சத்தம் கேட்டது. முழங்கால் தானாக எழுந்தது. கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டேன். "எலுமிச்சை பிழியறது எங்க இருக்கு?" என்று கத்தினான். சொன்னேன். "உப்பு?" சொன்னேன். "வடிகட்டி?" "தேடு" என்றேன். ஒரே சமையலறையில் பதினைந்து வருடம் சாப்பிட்டவனுக்கு வடிகட்டி எங்கே தொங்குகிறது என்று தெரியவில்லை.

ஒரு மணி நேரம் கழித்து இரண்டு எவர்சில்வர் டம்ளரோடு வந்தான். உப்பு அதிகம். எலுமிச்சை விதை மிதந்தது. கடைப் பரோட்டாவும் சால்னாவும் பின்னால் வந்தன. நான் முதல் வாய் குடித்ததும் அழுதுவிட்டேன். உப்புக்கு அழுகிறேன் என்று நினைத்து, "வேற போட்டுத் தரவா?" என்றான்.

அப்போதுதான் அந்தக் கதையைச் சொன்னேன். திண்ணை, ஆம்லெட், டம்ளர் சத்தம், பின்வாசல். பதினைந்து வருடத்தில் சொன்னதில்லை. சொல்ல நேரம் இருந்ததில்லை என்பது பாதி உண்மை. இருவரும் ஒரே நேரத்தில் உட்கார்ந்திருந்ததில்லை என்பது மீதி. அவன் நிறைய நேரம் பேசாமல் இருந்தான். பிறகு, "எங்கம்மா எப்ப சாப்பிடுவாங்கன்னு எனக்கு இன்னைக்கு வரைக்கும் தெரியாது" என்றான்.

"டேய், எனக்குந்தான் தெரியாது" என்றேன். 'டேய்' வாயில் வந்ததும் இருவருக்கும் சிரிப்பு வந்தது.

அன்றிரவு எங்களுக்குள் நடந்தது எங்களுடையது. நான் களைப்பாக இல்லை என்பதை மட்டும் சொல்லிக்கொள்கிறேன்.

ஒரே இரவில் வீடு மாறிவிட்டது என்று எழுதினால் பொய். காலையில் எழுந்து பார்த்தால் பாத்திரங்கள் தொட்டியில் அப்படியே கிடந்தன. சால்னா காய்ந்து ஒட்டியிருந்தது. கை அரித்தது. ஆனாலும் தொடவில்லை. அவனிடம் சொல்லவும் இல்லை. பதினொரு மணிக்கு அத்தை மகளோடு உள்ளே நுழைந்தபோது அவன் அப்போதுதான் கழுவ ஆரம்பித்திருந்தான்.

"நீ ஏம்ப்பா... தள்ளு, நான் கழுவுறேன்" என்று அத்தை பையைக் கீழே போட்டார்.

"அவங்க கழுவட்டும் அத்தை" என்றேன். 'அவங்க' திரும்பி வந்துவிட்டது. மகள் என்னையும் அவனையும் மாறி மாறிப் பார்த்தாள்.

வெயிலில் வந்த அத்தைக்கு முகமெல்லாம் சிவந்திருந்தது. அவன் கையைத் துடைத்துக்கொண்டு, ஃபிரிட்ஜிலிருந்து நன்னாரிப் பாகை எடுத்து, எலுமிச்சை பிழிந்து கலக்கிக் கொடுத்தான். அத்தை வாங்கிக்கொண்டு, அடுப்படி நிலையில் சாய்ந்து நின்று குடிக்கத் தொடங்கினார்.

நான் நாற்காலியை இழுத்துப் போட்டேன்.

"உக்காந்து குடிங்க அத்தை."

உட்கார்ந்தார். இரண்டு வாய் குடித்ததும் எழப் பார்த்தார். "உக்காந்தா என்னமோ மாதிரி இருக்குடி" என்றார்.

"எனக்கும் அப்படித்தான் இருந்துச்சு" என்றேன். இன்னொரு நாற்காலியை இழுத்து அவர் பக்கத்தில் போட்டு நானும் உட்கார்ந்தேன்.