டீ கேனோடு வந்தவர்

ரொம்ப நாளா எழுதணும்னு நினைச்சுத் தள்ளிப்போட்ட விஷயம் இது.

அம்மாவுக்கு ராத்திரியே ஆபரேஷன். ரத்தம் ஓ நெகட்டிவ். அதே வகை மட்டும்தான் சேரும். போன் போட்ட எல்லாரும் கையை விரிச்சுட்டாங்க. மாடிப்படியில உட்கார்ந்து, "ஆண்டவரே, ஒரு வழி காட்டும்"னு ஜெபம் பண்ணிட்டிருந்தேன்.

"அண்ணே, எனக்கு அந்த குரூப்புதான்."

நிமிர்ந்தா, டீ கேனோட ஒருத்தர். சாயங்காலம்தான், டீ ஆறிப்போச்சுன்னு இவர்மேல எரிஞ்சு விழுந்திருந்தேன்! 350 மில்லி கொடுத்தார். காசு நீட்டினா வாங்கலை.

எலியாவைப் போஷிக்க ஆண்டவர் தேர்ந்தெடுத்தது, ஒரு பிடி மாவும் கொஞ்சம் எண்ணெயும் மட்டுமே வச்சிருந்த சாறிபாத் விதவையை (1 இராஜாக்கள் 17). ஞாயிறு பள்ளியில கேட்ட கதைதான். அன்னிக்குத்தான் புரிஞ்சது.

அம்மா நல்லா இருக்காங்க. நான்தான் டீ வாங்கும்போதெல்லாம் கொஞ்சம் தலை குனியறேன்...

உங்களுக்கும் இப்படி யாராவது வந்திருக்காங்களா? சொல்லுங்களேன்.