சால்மன் வயிற்றில் டிரவுட் முட்டை

டோக்கியோ கடல் அறிவியல் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் கோரோ யோஷிசாகியின் குழு வளர்த்தெடுத்த வாடகைத்தாய் முறையில், ஓர் இனத்து மீனின் முட்டையும் விந்தும் வேறோர் இனத்து மீனின் உடலில் விளைகின்றன. அடைகாக்க மட்டும் இரவல் வாங்கும் முறையல்ல இது. முட்டை உருவாவதே இரவல் வயிற்றில்தான். முதலில் கைகூடிய இணை, ஜப்பானிய ஆறுகளில் வாழும் யமாமே என்ற சால்மனும் ரெயின்போ டிரவுட்டும். பின்னது, நீலகிரியில் அவலாஞ்சிப் பண்ணையில் வளர்க்கப்படும் அதே மீன்.

வேலையின் சூட்சுமம் ஊசி முனையில் இருக்கிறது. டிரவுட்டின் விந்தகத்தைப் பொடியாக நறுக்கி, நொதிக் கரைசலில் ஊறவைத்து, தனித்தனிச் செல்களாகப் பிரிக்கிறார்கள். கண்ணாடிக் குழலைச் சூடாக்கி இழுத்து மெலிதாக்கி, முனையைச் சாய்வாகத் தீட்டினால் ஊசி தயார். பொரித்த புதிதான யமாமே குஞ்சின் வயிற்றில் செம்மஞ்சள் நிறக் கருவுணவுப் பை இன்னும் தொங்கிக்கொண்டிருக்கும். மயக்க மருந்து கலந்த நீரில் அசைவற்றுக் கிடக்கும் குஞ்சை நுண்ணோக்கியின் கீழே ஒருக்களித்துக் கிடத்தி, அந்தப் பையைக் கிழிக்காமல் வயிற்றறைக்குள் ஊசியை இறக்க வேண்டும். கை நடுங்கினால் குஞ்சு பிழைக்காது. இதையே குஞ்சுக்குப் பின் குஞ்சாகச் செய்ய வேண்டியிருப்பதால், இங்கே அறிவைவிடப் பொறுமைக்கே மதிப்பு அதிகம்.

மீதி வேலையைச் செல்களே பார்த்துக்கொள்கின்றன. குஞ்சின் இனப்பெருக்க உறுப்பு உருவாகும் இடத்தை அவை தாமாகவே ஊர்ந்து சென்று அடைகின்றன. பச்சையாக ஒளிரும் மரபணு ஏற்றிய செல்களைப் பயன்படுத்தியதால், அந்தப் பயணத்தைக் கண்ணால் பார்க்க முடிந்தது. பொரித்த புதிதில் நோய் எதிர்ப்பு ஆற்றல் முதிர்ந்திருக்காது. அதனால் அந்நியச் செல்லைக் குஞ்சு விரட்டுவதில்லை. நாள் தள்ளிப்போனால் அந்த வாய்ப்பும் போய்விடும். விந்தகத்திலிருந்து எடுத்த செல், பெண் குஞ்சுக்குள் போனால் முட்டையாகவே முதிர்கிறது என்பதை 2006இல் குழு காட்டியது. இம்முறையில் இதைவிட வியப்பான செய்தி வேறில்லை.

2004இல் வெளியான முதல் வெற்றி பாதி வெற்றிதான். யமாமேயின் விந்தில் டிரவுட்டின் பங்கு சொற்பம்; மற்றதெல்லாம் அதன் சொந்த விந்து. அதற்கு மாற்றாக மலட்டு யமாமேயைப் பயன்படுத்தினார்கள். கருவுற்ற முட்டையைச் சற்று நேரம் வெதுவெதுப்பான நீரில் வைத்தால் குரோமோசோம் தொகுதி இரண்டுக்குப் பதில் மூன்றாகிவிடும். அப்படிப் பிறக்கும் மீன் தன் இனத்தைப் பெருக்காது. 2007இல் டிரவுட் செல்கள் செலுத்தப்பட்ட இத்தகைய ஆண், பெண் யமாமேக்களை இணைத்தபோது பிறந்தவை அனைத்தும் டிரவுட் குஞ்சுகள்.

அருகிவரும் மீன்களைக் காக்கவும் இது உதவும். பெரிய கருவுணவு கொண்ட மீன் முட்டையை உறையவைத்துச் சேமிக்க வழியில்லை. ஆனால் விந்தகத்தை உறையவைக்கலாம். அதன் செல்களிலிருந்து பிறகு முட்டையையும் பெறலாம்.

யோஷிசாகியின் பெரிய இலக்கு நீலத்துடுப்புச் சூரை. பருவமடையச் சில ஆண்டுகள் எடுத்து, பல பத்துக் கிலோ எடைக்கு வளரும் அந்த மீனைத் தொட்டியில் இனப்பெருக்கம் செய்விப்பது பெருஞ்செலவு. சிபா மாகாணத்தின் தாதேயாமா நிலையத்தில் முதலில் சிறிய கானாங்கெளுத்தி வகையை வாடகைத்தாயாக்கிப் பார்த்தார்கள். நீலத்துடுப்புச் சூரைக்கும் அதற்கும் உறவு தூரம், ஏற்ற வெப்பநிலையும் வேறு. எனவே ஆய்வு, சுமா என்ற மீனின் பக்கம் திரும்பியது. தமிழகக் கடலோரத்தில் சூரை என்ற பெயரில் ஏலம் போவது அந்தச் சுமாதான்.