மொட்டைமாடியில் ஒரு மலைக்கனி

ஸ்ட்ராபெரி என்றவுடன் நம் சங்கத் தோழர்கள் மகாபலேசுவரத்தையோ உதகையையோ நினைப்பர். கடைக் குளிர்பெட்டியில் தோள்ப்பக்கம் வெளுத்துக் கிடக்கும் பழத்தை நினைப்பவரும் உளர். ஐதராபாத்தில், அதுவும் செகந்திராபாத் பத்மாராவ் நகரில், ஒரு வாடகை வீட்டின் மொட்டைமாடியில் அது காய்த்தது என்றால் நம்புவது சற்றுக் கடினந்தான். அதில் நம்பிக்கை என் அன்னையாருடையது, கணக்கு என்னுடையது.

எங்கள் குடும்பம் இடம் பெயர்வதில் நல்ல தேர்ச்சி பெற்றது. பாட்டனார் 1964-ஆம் ஆண்டின் சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தப்படி இலங்கைத் தேயிலைத் தோட்டத்தை விட்டு நீலகிரிக்கு வந்தவர். தந்தையார் நீலகிரியை விட்டு வேலை தேடி இங்கே வந்தவர். அவர் மறைந்து நான்கு ஆண்டுகள் ஆகின்றன. அதன்பின் அம்மா ஊறுகாயும் பருப்புப்பொடியும் செய்து, முறைப்படி பதிவும் பெற்று, ஸ்கந்தகிரி முருகன் கோயிலைச் சுற்றியுள்ள தமிழ்க் குடும்பங்களுக்கு விற்று வருகிறார். சென்ற ஐப்பசியில் ஒரு திருமண வீட்டார் வந்து, மாசி முகூர்த்தத்துக்கு நெருங்கிய உறவினரின் தாம்பூலப் பையில் வைக்க 20 புட்டி ஸ்ட்ராபெரி ஜாம் வேண்டும் என்றனர். கோத்தகிரியில் சிறுவயதிலேயே பழகிய கைவேலை. அம்மா உடனே ஒப்புக்கொண்டார். என் தங்கையின் கல்லூரிக் கட்டணத்தில் இரண்டாம் தவணையும் மாசியில்தான் வருகிறது என்பதை அவர் வாய்விட்டுச் சொல்லவில்லை. எனக்கு அது தெரியாதா என்ன?

கடைப்பழத்தை மட்டும் நம்பினால் ஆதாயம் கரைந்துவிடும். ஆகவே மகாபலேசுவரத்திலிருந்து வந்த 'விண்டர் டான்' வகைக் கன்றுகள் 18 வாங்கினோம். செம்மண், மட்கிய எரு, தென்னைநார்க் கழிவு ஆகிய மூன்றும் கலந்து தொட்டிகளை நிரப்பினோம். நடும்போது கவனிக்க வேண்டியது ஒன்றே: குருத்து மண்ணுக்கு மேலே நிற்க வேண்டும், புதைந்தால் அழுகிவிடும். இது பகல் குறுகும்போது பூக்கும் செடி. நம் ஊர் மார்கழிப் பகலும் இரவுக் குளிரும் அதற்குப் போதுமானவையாக இருந்தன. மார்கழியில் வெள்ளைப் பூக்கள் வந்தன. தையில் பழம் வந்தது.

கலைச்சொல் ஆர்வலர் இதனைச் 'செம்புற்றுப்பழம்' என்பர். பெயர் அழகுதான், ஆனால் தாவரநூல் நோக்கில் நாம் தின்பது பழமே அன்று, பூவின் தளம். மேலே விதைபோல் ஒட்டியிருப்பவையே மெய்யான கனிகள். அவற்றைப் பிஞ்சிலேயே நீக்கிவிட்டால் சதை பருப்பதில்லை என்றும், அவை சுரக்கும் ஆக்சினே சதையை வளர்க்கிறது என்றும் 1950-இல் நிட்ச் என்னும் அறிஞர் செய்து காட்டினார். தேனீ சரியாக வராத பூவில் காய் கோணலாவது இதனால்தான். எங்கள் மாடிக்குக் கொசுத்தேனீக்கள் வந்து உதவின. கொண்டைக்குருவிகளும் வந்தன; அவற்றின் நோக்கம் வேறு. பழைய கொசுவலை ஒன்றைக் கட்டி அவற்றுக்கு விடை கொடுத்தோம்.

இச்செடியின் பிறப்பு வரலாறு எனக்கு மிகவும் பிடித்தது. பிரெஞ்சுப் பொறியாளர் பிரேசியே, தென்னமெரிக்கக் கடற்கரைக் கோட்டைகளை உளவு பார்க்க 1712-இல் அனுப்பப்பட்டவர். 1714-இல் திரும்பும்போது சிலி நாட்டுப் பெரும்பழச் செடிகள் சிலவற்றையும் கொண்டு வந்தார். அவை பெண்பூச் செடிகள். பிரான்சில் தழைத்தனவே யன்றிக் காய்க்கவில்லை. வட அமெரிக்காவின் வர்ஜீனியச் செடி அருகில் பூத்தபோதுதான் காய் பிடித்தது. அந்தக் கலப்பில் பிறந்ததே இன்றைய ஸ்ட்ராபெரி என்று 1766-இல் துஷேன் என்பவர் எடுத்துரைத்தார். தாயும் தந்தையும் வெவ்வேறு நாடு, பிறந்ததோ மூன்றாம் நாடு. அம்மாவுக்கு இதைச் சொன்னேன். “நம்ம வீட்டுக் கதைதானே?” என்று கூறிவிட்டுத் தண்ணீர் ஊற்றப் போய்விட்டார்.

பறித்தபின் பழுக்காத கனி இது. ஆதலால் காம்புவரை சிவந்த பிறகே பறித்து, நாள்தோறும் கிடைத்த கைப்பிடியைப் பனிப்பெட்டியில் சேர்த்து வைத்தோம். மாசி தொடங்கும்போது இரண்டேகால் கிலோ சேர்ந்திருந்தது. மொஅசம்ஜாஹி சந்தையில் ஒன்றரைக் கிலோ வாங்கி, மூன்றேமுக்கால் ஆக்கினோம். சர்க்கரை 3 கிலோ.

ஜாம் உறைவது பெக்டின் என்னும் பொருளால். அதன் நீண்ட இழைகள் எதிர்மின்னேற்றம் உடையவை. ஆதலால் ஒன்றையொன்று விலக்கி நிற்கும். புளிப்பு அந்த மின்னேற்றத்தைத் தணிக்கும். சர்க்கரை நீரைத் தன்பால் ஈர்த்துக்கொள்ளும். இழைகள் கைகோத்து வலையாகும். ஸ்ட்ராபெரியில் பெக்டின் குறைவு. அம்மாவுக்கு இந்தப் பெயரெல்லாம் தெரியாது. பக்கத்து வீட்டு மரத்தின் கொய்யாக்காயை நறுக்கி வேகவைத்து, வடித்த நீரைப் பழத்தோடு சேர்த்தார், எலுமிச்சையும் பிழிந்தார். கொய்யா பெக்டின் நிறைந்தது என்று என் பாடநூல் சொல்வதைக் கேட்டு அவர் சிறிதும் வியக்கவில்லை.

சிக்கல், இறக்கும் பதத்தில் எழுந்தது. 105 பாகை சென்டிகிரேடில் இறக்குக என்று நூல்கள் கூறும். அது கடல்மட்டத்தார் கணக்கு. ஐதராபாத் ஏறத்தாழ 540 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. இங்கே வெறும் தண்ணீரே 98 பாகையில் கொதித்துவிடும். புதிதாக வாங்கிய வெப்பமானியை முதலில் தண்ணீரில் இட்டு அதனை உறுதி செய்துகொண்டேன். நீர் கொதிக்கும் நிலைக்கு மேல் ஏறத்தாழ நாலரைப் பாகை ஏறும்போது சர்க்கரைச் செறிவு 65 விழுக்காட்டை எட்டும். ஆகவே நமக்கு உரிய எண் 103-ஐ ஒட்டியது. 105 வரை காத்திருந்தால் ஜாம் இறுகிப் பிசினாகும், நிறமும் கருகும். 20 புட்டியும் வீணானால் மறுபடி வாங்கப் பழமும் இல்லை, பணமும் இல்லை.

அடிகனத்த அகன்ற எவர்சில்வர் பாத்திரத்தில் நான்கு தவணையாகக் காய்ச்சினோம். நெடுநேரம் கொதித்தால் சிவப்பு மங்கும் என்பதால் ஒரே தவணையில் எல்லாவற்றையும் போடவில்லை. நான் வெப்பமானியைப் பிடித்து நின்றேன். அம்மா குளிரவைத்த தட்டில் ஒரு சொட்டு விட்டு, விரலால் தள்ளிப் பார்த்தார். பாலாடைபோல் சுருங்கியது. “இறக்கு” என்றார். முள் 102-க்கும் 103-க்கும் நடுவே நின்றது. மற்ற மூன்று தவணையிலும் அவர் குரலுக்கும் என் கருவிக்கும் இடையே அரைப் பாகைகூட வேற்றுமை இல்லை. நான்காம் தவணையில் நான் கருவியைக் கழுவி வைத்துவிட்டேன்.

ஐந்து கிலோவுக்குச் சற்று மேல் வந்தது. கால் கிலோப் புட்டிகள் 20 நிரம்பின. வழித்ததை மறுநாள் தோசைக்குத் தொட்டுக்கொண்டோம். நூறு கிராமுக்கு 73 கிராம் பழம் சேர்ந்திருக்கிறது எனக் கணக்கிட்டேன். 2011-ஆம் ஆண்டின் உணவுத்தர விதிகள் பொதுவாக ஜாமுக்கு 45 விழுக்காடு பழம் கேட்கின்றன. ஸ்ட்ராபெரிக்கு மட்டும் 25 போதுமாம். புட்டி வாங்கும் தோழர்கள் சீட்டில் உள்ள எண்ணைப் படித்துப் பார்ப்பது நல்லது.

தங்கையின் கட்டணம் உரிய நாளில் கட்டப்பட்டது. செடிகளின் நிலை வேறு. பங்குனி வெயிலிலேயே பாதி சாய்ந்தன. சித்திரையில் பகல் 40 பாகையைத் தொட்டது. எஞ்சியவற்றைப் படிக்கட்டின் அடியில் நிழலில் வைத்து, அவை விட்ட ஓடுகொடிகளைச் சிறு கோப்பைகளில் பதியம் போட்டிருக்கிறோம். இன்றைக்கு உயிரோடு இருப்பவை ஏழு. அடுத்த ஆண்டுக்கு 40 புட்டி வேண்டுமென்று இன்னொரு வீட்டார் இப்போதே முன்பணத்தோடு வந்தனர். ஆடி பிறக்கட்டும், கன்றுகளை எண்ணிவிட்டுச் சொல்கிறேன் என்று அம்மா பணத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்.