மௌனத்திற்கும் இடமளித்த பியானோ

"மத்ரஸாவில் பாடம் நடத்தும் உங்களுக்கு ஜாஸ் இசையோடு என்ன உறவு?" என்று நண்பர்கள் கேட்பதுண்டு. இசை குறித்து மார்க்க அறிஞர்களிடையே நிலவும் கருத்து வேறுபாடுகளை நானும் அறிவேன். அதற்குத் தீர்ப்புரைப்பது என் நோக்கமன்று. என் செவியில் தங்கிவிட்ட இரண்டு இசைத்தட்டுகளையும், அவற்றைத் தந்த இரண்டு மனிதர்களையும் வாசக அன்பர்களுக்கு அறிமுகம் செய்யவே விழைகிறேன்.

கல்லூரி நூலகத்துப் புத்தகம் ஒன்றில், அமெரிக்கக் கலைஞர்களின் வரிசையில் அஹ்மத் ஜமால் என்ற பெயரைக் கண்டு வியந்தேன். 1930இல் பிட்ஸ்பர்க் நகரில் பிறந்த அவர், இளமையிலேயே இஸ்லாத்தைத் தழுவிப் பெயரை மாற்றிக்கொண்டவர். 1958 ஜனவரியில் சிகாகோவின் பெர்ஷிங் விடுதியில் அவரது மூவர் குழு வாசித்த பதிவு, சிங்கப்பூரிலிருந்து வந்த உறவினர் வழியாகப் பின்னாளில் எனக்குக் கிடைத்தது. அதில் ‘பாய்ன்சியானா’ ஏறத்தாழ எட்டு நிமிடம் நீள்கிறது. வெர்னல் ஃபோர்னியேயின் முரசொலி ஓயாது நடக்க, பியானோ சில சுரங்களை உதிர்த்துவிட்டு அமைதியாகக் காத்திருக்கும். வினாவை எழுப்பிவிட்டு மாணவர் சிந்திக்கட்டும் என்று பொறுத்திருக்கும் ஆசிரியரின் மௌனம் அது. மைல்ஸ் டேவிஸ் போன்ற மேதையே அந்த இடைவெளிகளைப் போற்றினார்.

அந்த இசைத்தட்டு ஈட்டித் தந்த பொருளைக் கொண்டு, ஜமால் சிகாகோவில் ‘அல்ஹம்ரா’ என்னும் உணவகத்தைத் திறந்தார். இசையும் மதுவும் இணைபிரியாதிருந்த உலகில், அங்கு மது பரிமாறப்படவில்லை. அது நெடுநாள் நீடிக்கவில்லை. ஆயினும் 2023இல் தமது 92ஆம் வயதில் மறையும் வரை அவர் புகழ் குன்றவில்லை.

மற்றொருவர் யூசுஃப் லத்தீஃப். 1961இல் பதிவான ‘ஈஸ்டர்ன் சவுண்ட்ஸ்’ இசைத்தட்டில், நம் நாதசுரத்தைப் போலச் சீவாளி வைத்து ஊதும் ஓபோவையும் அவர் வாசிக்கிறார். ‘ஜாஸ்’ என்ற சொல்லையே அவர் விரும்பியதில்லை. மது விற்கும் இடங்களில் இனி வாசிப்பதில்லை என்று 1980இல் அறிவித்தார். மேற்கத்தியக் கல்வியையும் இஸ்லாமியக் கல்வியையும் ஆராய்ந்து 1975இல் முனைவர் பட்டம் பெற்றவர் என்பதை அறிந்தபோது, ஆசிரியனான எனக்கு அவர் இன்னும் நெருக்கமானார். 2013இல், 93ஆம் வயதில் மறைந்தார்.

ஜமாலின் ஒலிநாடாவைச் சக ஆசிரியர் ஒருவருக்குப் போட்டுக் காட்டினேன். "பாட்டு எப்போது தொடங்கும்?" என்றார். அடுத்த வாரம் அவரே அதை இரவல் கேட்டார். இன்று அது யாரிடம் இருக்கிறதென்று எனக்குத் தெரியாது. கைமாறிக் கேட்கப்படுகிறது என்பதே மகிழ்ச்சி.

நம் பிள்ளைகள் எத்துறையில் நுழைந்தாலும், அங்கே எவ்வளவு ஈட்டலாம் என்பதை மட்டும் நாம் விசாரிக்கிறோம். எதை வேண்டாமென்று மறுப்பார்கள் என்பதையும் கேட்போமாக! அத்தகைய மறுப்போடும் ஒருவர் தம் கலையில் உச்சம் தொடலாம் என்பதற்கு இவ்விருவரும் சான்று.